நாலு கோடிக்குக் கிடைக்கிறார் என்பதற்காக...

மார்கழி மாதத்தில் வெம்பாக்கத்தில் விடியற்காலை இரண்டு சத்தம் கேட்கும். கோயில் ஒலிபெருக்கி ஒன்று, தறிச் சத்தம் இன்னொன்று. இந்த மார்கழியில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. டீக்கடை பெஞ்சில் எனக்கும் எதிர் வீட்டுத் தலைமையாசிரியருக்கும் (அவரும் ரிட்டயர்டுதான்) நடக்கும் வாக்குவாதம். டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள் ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.

"தோனியை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டால் உங்களுக்கு என்ன சார் நஷ்டம்? வெறும் நாலு கோடிதானே" என்கிறார் அவர்.

வாயால் சொன்னால் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். 2025 சீசனுக்கு முன்பு சென்னை சூப்பர் கிங்ஸ் அணி மகேந்திர சிங் தோனியைத் தக்கவைத்தது தப்பு. அந்த சீசன் முடிந்த விதத்தைப் பார்த்த பிறகும், 2026க்கும் தக்கவைத்தது அதைவிடப் பெரிய தப்பு. இதைச் சொன்னால் தெருவில் கல்லெறி விழும் என்று தெரியும். எழுபத்தைந்து வயதுக்காரன் மேல் யாரும் பலமாக எறியமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். நான் தோனிக்கு எதிரி இல்லை. கிரிக்கெட்டே எனக்கு நடுவயதில் வந்த பழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் பள்ளிக்கூடத்தில் கால்பந்துதான் ராஜா. நெட்டையாக இருந்ததால் என்னைக் கோல் கம்பத்தின் நடுவே நிறுத்திவிட்டார்கள். பிரெஞ்சில் கோல்கீப்பரை 'கார்தியேன்' என்பார்கள். காவல்காரன் என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். மற்ற பத்துப் பேரும் ஓடலாம், தப்பு செய்யலாம், திருத்திக்கொள்ளலாம். காவல்காரன் செய்த தப்பு ஸ்கோரில் ஏறிவிடும். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, கிரிக்கெட்டிலும் என் கண் முதலில் விக்கெட் கீப்பர் மேல்தான் போகும். அந்த வேலையில் தோனியைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் நூர் அகமது பந்தில் சூர்யகுமார் யாதவை ஸ்டம்பிங் செய்தாரே, அப்போது அவருக்கு 43 வயது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறு ஒளிபரப்பைப் பார்ப்பதற்குள் பேரன் துள்ளிக் குதித்து முடித்திருந்தான்.

ஆகவே அவருக்குத் திறமை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கை இன்னும் இருக்கிறது. ஒரு வரம்புக்குட்பட்ட பையில், வரம்புக்குட்பட்ட நாற்காலிகளில், ஒரு நாற்காலியை அவருக்கு ஒதுக்குவது சரியா என்று கேட்கிறேன். இது அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நன்றாகப் புரிந்த கேள்வி.

பை என்றேன். ஐ.பி.எல்.லில் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்காகச் செலவழிக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025க்கு அது 120 கோடி. 2026க்கு 125 கோடி. முதலாளியிடம் ஆயிரம் கோடி இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டி ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. ஆள் கணக்கும் உண்டு: அதிகபட்சம் 25 பேர். அவர்களில் களம் இறங்குபவர்கள் 11 பேர், இடையில் மாற்றிக்கொள்ள ஒருவர். எங்கள் அலுவலகத்தில் 'ஒதுக்கீடு' என்றும் 'அனுமதிக்கப்பட்ட பணியிடம்' என்றும் சொல்வோமே, அதேதான். பணம் ஒரு கணக்கு, இடம் இன்னொரு கணக்கு. பணத்தில் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று குதிப்பவர்கள் இடத்தில் இழந்ததைப் பார்ப்பதில்லை.

2024 அக்டோபர் கடைசியில் சென்னை அணி தக்கவைத்தவர்கள் ஐந்து பேர். ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரணா 13 கோடி, சிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி. மொத்தம் 65 கோடி. ஏலத்துக்கு மீதி 55 கோடி. தலைமையாசிரியர் கேட்கிறார்: "பதினெட்டு கோடி கொடுத்தவர்களை விட்டுவிட்டு நாலு கோடிக்காரரைப் பிடித்துக்கொண்டீர்களே?" அந்த நாலு கோடி எப்படி வந்தது என்பதிலிருந்துதான் என் வழக்கு தொடங்குகிறது.

நாட்டுக்காக ஒரு ஆட்டமும் ஆடாதவர்களை ஏலக் கணக்கில் புதுமுகம் என்று தனி வகையாக வைப்பார்கள். அவர்களைத் தக்கவைக்க 4 கோடி போதும். சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆகிவிட்ட இந்திய வீரரையும் அந்த வகையில் சேர்க்கலாம் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2021க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் அது மறுபடி உயிர் பெற்றது. தோனி இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில், உலகக் கோப்பை அரையிறுதி. ஐந்து வருடம் நிறைந்தது 2024 ஜூலையில். இரண்டு மாதம் கழித்து விதி வந்தது. இரண்டு உலகக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த தலைவர், நாட்டுக்கு ஆடாத பையன்களோடு ஒரே பட்டியலில் உட்கார்ந்தார்.

அந்த விதியால் வேறு சிலருக்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடம் அரசாணை படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொது ஆணை என்ற தலைப்பில் ஒன்று வந்தால், இதில் முதலில் பயன்பெறப் போகிறவர் யார் என்றுதான் பார்ப்போம். பெரும்பாலும் ஆணை எழுதும்போதே அவர் பெயர் எழுதியவர் மனதில் இருந்திருக்கும்.

சரி, விதி விதிதான், வைத்துக்கொள்ளட்டும். சம்பளம் குறைந்தது. நாற்காலி குறைந்ததா? இல்லை. 2025 சீசனில் 14 ஆட்டத்திலும் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் தோனிதான். அணியில் இருந்த வேறு எந்தக் கீப்பருக்கும் அந்த வேலை ஒரு நாள்கூட வரவில்லை. சரி, மட்டையில்? 196 ரன். 2024இல் அவர் ஆடியது வேறு மாதிரி: கடைசி இரண்டு ஓவருக்கு வந்தார், நூறு பந்துக்கு இருநூறுக்கு மேல் என்ற வேகத்தில் அடித்தார். அதை நம்பித்தான் 2025க்கும் வைத்துக்கொண்டார்கள். வந்த பலன் என்ன? மார்ச் 28 அன்று பெங்களூருக்கு எதிராக 197 இலக்கு. தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அவருக்கு முன்னால் அஸ்வின் இறங்கினார்! 16 பந்தில் 30 அடித்தார், அடித்ததெல்லாம் அழகுதான். ஆனால் ஆட்டம் அதற்கு முன்பே போய்விட்டது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூர் ஜெயித்தது அன்றுதான். பயிற்சியாளர் பிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார்: அவர் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று. பத்து ஓவர் நிற்க முடியாதவருக்காக மற்றவர்கள் ஆடும் வரிசையை மாற்றினார்கள். ஒருவருடைய முழங்காலுக்கு ஏற்றபடி பதினோரு பேர் நடந்தார்கள்.

சீசன் முடிவில் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. பத்தாவது இடம். சென்னை அணி வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி. இதற்கெல்லாம் தோனி ஒருவரே காரணம் என்று சொன்னால் நான் பொய்யன். ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டது, ஏலத்தில் எடுத்தவர்கள் சோபிக்கவில்லை, பழைய ஆட்களை நம்பி வேகத்தைக் கோட்டைவிட்டார்கள். லக்னோவில் 11 பந்தில் 26 எடுத்து ஓர் ஆட்டத்தை அவரே ஜெயித்தும் கொடுத்தார், ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். ஆனால் கடைசியில் கொஞ்சம் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? காயம் பட்டவர்களுக்குப் பதிலாக நடுவில் வந்த பிள்ளைகளிடமிருந்து. 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 அடித்தான். உர்வில் படேல் தன் முதல் ஆட்டத்தில் 11 பந்தில் 31. இடம் காலியானதால் வந்தவர்கள் இவர்கள். இடம் காலியாகாவிட்டால் இவர்கள் யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது.

தெரியாமல் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம ஊர்ப் பையன், கோயம்புத்தூர் நாராயண் ஜெகதீசன். விக்கெட் கீப்பர், தொடக்க ஆட்டக்காரர். 2018இல் சென்னை அணி எடுத்தது. 2022 வரை வைத்திருந்தது. அந்த ஐந்து சீசனில் அவர் ஆடியது மொத்தம் 7 ஆட்டம். முன்னால் நின்றவர் தோனி, எப்படி வாய்ப்பு வரும்? 2022 நவம்பர் 15 அன்று அவரை விடுவித்தார்கள். ஆறே நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவர் அடித்தது 277 ரன். ஒரு நாள் ஆட்ட வகையில் உலகத்திலேயே யாரும் அதுவரை எடுக்காத ஸ்கோர். தொடர்ச்சியாக ஐந்தாவது சதமும் அதுதான். 2025 ஜூலையில் ஓவல் டெஸ்டுக்கு முன்பு ரிஷப் பந்துக்குக் காயம் பட்டபோது இந்திய அணி கூப்பிட்டு அனுப்பியது இவரைத்தான்.

எதிராளி அருணாசலம்தானே என்பார் தலைமையாசிரியர். இருக்கட்டும். ஐந்து வருடம் கையில் வைத்திருந்தவனைச் சோதித்தே பார்க்காமல் அனுப்பினார்களே, அதைக் கேட்கிறேன். தோனி கேட்டு வாங்கிய நாற்காலி இல்லை அது, ஒப்புக்கொள்கிறேன். 2018, 2021, 2023 என்று கோப்பைகள் வந்தனவே, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வருடங்களில் அவரை வைத்திருந்தது சரிதான். ஆனால் கோப்பை வரும் வருடங்களில்தான் அடுத்த கீப்பரைத் தயார் செய்திருக்க வேண்டும். வீடு எரியும்போது கிணறு வெட்டினால் யாருக்குப் பயன்?

இப்போது கிணறு வெட்டிய செலவைப் பாருங்கள். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனை ராஜஸ்தானிடமிருந்து வாங்கினார்கள். 18 கோடி. அதற்காக விட்டுக்கொடுத்தது ஜடேஜாவை, கூடவே சாம் கரனை. ஏலத்தில் 19 வயது கார்த்திக் சர்மா என்ற கீப்பருக்கு 14 கோடியே 20 லட்சம். உர்வில் படேலும் இருக்கிறார். எல்லாருக்கும் மேலே தோனி, 4 கோடி. 25 நாற்காலியில் நாலு கீப்பர். இதுதான் மலிவா? நாலு கோடி என்பது விலைச்சீட்டில் போட்ட எண். உண்மையான விலையை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு இப்போது வட்டியோடு கட்டுகிறார்கள்.

இந்த விஷயம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. என் தங்கை மகன் கனடாவில் மொந்த்ரியாலில் இருக்கிறான். அங்கே பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கிதான் உயிர். 2004-05இல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பள வரம்பு பற்றிச் சண்டை வந்து ஒரு சீசன் முழுவதும் ஆட்டமே நடக்கவில்லையாம். அதன் பிறகு அங்கேயும் வரம்பு உண்டு. மொந்த்ரியால் அணியின் கோல்கீப்பர் கேரி பிரைஸ். ஊரே கொண்டாடிய ஆள். 2017இல், முப்பதைத் தொடும் வயதில், அவரோடு எட்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள், வருடத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டாலர். 2021இல் அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார், பொய் சொல்லக்கூடாது. அதோடு முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு அவர் ஆடியது ஐந்தே ஆட்டம். ஒப்பந்தம் மட்டும் கணக்குப் புத்தகத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. காயம் பட்டவர்களுக்கென்று சலுகை விதி உண்டு என்றாலும் தலைவலி தலைவலிதான். 2025 செப்டம்பரில் அந்த ஒப்பந்தத்தை வேறு ஊர் அணியின் தலையில் கட்டினார்கள். "மாமா, அவரைக் குறை சொன்னால் இங்கேயும் அடிக்க வருவார்கள்" என்றான். ஊருக்கு ஊர் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள் போலும்.

இதுவரை அடுத்தவர் கணக்கைப் பார்த்தேன். இப்போது என் கணக்கு. இதை இதுவரை எழுதியதில்லை.

2010இல் எனக்கு அறுபது நிறைந்தது. மாலை, சால்வை, பிரிவு உபசாரம் எல்லாம் ஆயிற்று. ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்கள், பழைய பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில் கையெழுத்தில் இருக்கும். அதைப் படித்துச் சாரம் எழுதிக் கொடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. தொகுப்பூதியத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் பண ஒதுக்கீடு. மாதம் எட்டாயிரம். "உங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, எட்டாயிரம் போதுமல்லவா" என்றார் அதிகாரி. எனக்கோ தலை கால் புரியவில்லை. என்னை விட்டால் ஆள் இல்லை என்று சொல்கிறார்களே! உடனே ஒப்புக்கொண்டேன். ஒரு வருடம் என்று போனவன் மூன்று வருடம் இருந்தேன்.

அந்த இடத்துக்கு ஒரு பெண் மனு கொடுத்திருந்தாள். கல்லூரியில் பிரெஞ்சு படித்து முடித்த ஏழைப் பெண். மனுவை நானே பார்த்தேன், ஏனென்றால் அந்த ஃபைல் என் மேஜை வழியாகத்தான் போயிற்று. அவளுக்கு அச்செழுத்துப் பிரெஞ்சு வரும், பழைய கையெழுத்து வராது. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார வைத்தால் வந்திருக்கும். எனக்கே அப்படித்தான், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துத்தான் வந்தது. நோட்டிங்கில் என்ன எழுதினேன் தெரியுமா? 'போதிய அனுபவம் இல்லை.' நாலு சொல்கூட இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். மலிவாக, அனுபவசாலியாக நான் இருக்கும்போது அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

மூன்று வருடம் கழித்து நான் மனைவியின் ஊரான இந்த வெம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும், பதினைந்து வருடம் கழித்தும், அந்த அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. "ஐயா, ஒரு பழைய பத்திரம் இருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுங்களா?" முதலில் பெருமையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அந்தப் பெண்ணின் மனு கண் முன் வருகிறது. என்னை விட்டால் ஆள் இல்லை என்பது என் திறமைக்குச் சான்று என்று அப்போது நினைத்தேன். ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே "தோனியை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

எதிர்க்கட்சி வாதங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கூட்டம். அவர் இறங்கினால்தான் மைதானம் மஞ்சளாகிறது, டிக்கெட் விற்கிறது என்கிறார்கள். உண்மை. ஆனால் அவர் மட்டையைப் பார்ப்பதற்காக, முன்னால் ஆடும் சொந்த அணிக்காரன் அவுட் ஆனால் கைதட்டும் கூட்டமாக நாம் ஆகிவிட்டோமே! ஜடேஜா அவுட் ஆனால் ஆரவாரம். அந்தப் பையன்கள் வீடு திரும்பி என்ன நினைத்திருப்பார்கள்? கூட்டம் வேண்டுமென்றால் தோனியை மேடையில் உட்கார வையுங்கள், அப்போதும் வரும்.

இரண்டு, வயது ஒரு தடையா என்பது. தடையில்லை. 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் கோல்கீப்பரும் தலைவருமான டினோ ஸோஃபுக்கு 40 வயது. பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் கோட்டின் மேல் பந்தை அமுக்கிப் பிடித்தார், கோப்பையையும் வாங்கினார். ஆனால் 2006இல் எங்கள் பிரான்ஸ் (பழக்க தோஷம், எங்கள் என்றுதான் வருகிறது) இன்னொரு மாதிரி முடிவெடுத்தது. 35 வயது பார்த்தேஸா, நல்ல நிலையில் இருந்த கூப்பேயா என்று பெரிய சர்ச்சை. பழைய பாசத்தில் பார்த்தேஸை நிறுத்தினார்கள். இறுதிவரை போனார்கள். இத்தாலியோடு பெனால்டி வந்தபோது ஐந்தில் ஒன்றைக்கூட அவரால் தடுக்க முடியவில்லை. கூப்பே தடுத்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. தெரியாமலே போனதுதான் பிரச்சினை. ஸோஃப் தன் ஆட்டத்துக்காக நிறுத்தப்பட்டார். பெயருக்காக ஒருவரை நிறுத்துவது வேறு சங்கதி.

மூன்றாவது வாதம்தான் எனக்குப் பெரிய கோபம் தருவது: "எப்போது போக வேண்டும் என்று அவரே முடிவெடுக்கட்டும்." 2025 சீசன் முடிந்ததும், யோசிக்க நாலைந்து மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்றார் தோனி. பிறகு, அடுத்த வருடமும் ஆடத் தயார் என்று அவர் சொல்லிவிட்டதாக நிர்வாகம் அறிவித்தது. அவ்வளவுதான், ஃபைல் முடிந்தது. அய்யா, முடிவெடுக்க வேண்டியவர் அவரா? எந்த அலுவலகத்தில் குமாஸ்தா தன் ஓய்வுத் தேதியைத் தானே எழுதிக்கொண்டார்? ஆட ஆசைப்படுவது ஆட்டக்காரன் தர்மம். அதில் குறை இல்லை. என்னைக் கூப்பிட்டபோது நான் மட்டும் வேண்டாம் என்றேனா? போதும் என்று சொல்வது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையை அவர் தலையிலேயே போட்டுவிட்டு, மரியாதை செய்கிறோம் என்கிறார்கள். கெட்ட பெயர் வாங்கப் பயப்படுகிறவர்கள்தான் மரியாதையின் பின்னால் ஒளிவார்கள்.

என் மாமனார் நெசவாளி. பட்டுத்தறிக் குழியில் காலை வைத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் பாவில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஒரு சாண் நெய்துவிட்டார். மாமியார்தான் பார்த்தார். அதட்டவில்லை. மறுநாள் காலையில் மூத்த பையனைத் தறியில் உட்கார வைத்துவிட்டு, மாமனார் கையில் தார் சுற்றும் இராட்டையைக் கொடுத்தார். இரண்டு நாள் மாமனார் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பையன் கரை பிசகியபோது இராட்டையிலிருந்தே குரல் கொடுத்தார். சாகும்வரை அந்தக் குரல் அந்தத் தறியை விட்டுப் போகவில்லை. அவரை யாரும் வீட்டை விட்டு அனுப்பவில்லை, குழியை விட்டு எழுப்பினார்கள், அவ்வளவுதான்.

தோனிக்கும் நான் கேட்பது அந்த இராட்டைதான். 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்கு அவர் ஆலோசகராக இருந்தவர். களத்துக்கு வெளியே இருக்கும் ஆசானுக்குச் சம்பள வரம்பு கிடையாது, 25 பேர் கணக்கிலும் வரமாட்டார். கார்த்திக் சர்மாவுக்குப் பத்து கோடி மதிப்புள்ள பாடத்தைச் சும்மாவே சொல்லித் தரலாம்.

இது நடக்காத கற்பனை இல்லை. இதே டிசம்பரில், நம் சென்னையில், எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்தது. ஸ்ரீஜேஷ் நினைவிருக்கிறதா? இந்திய ஹாக்கியின் கோல்கீப்பர். 2021 டோக்கியோவில் கடைசி நொடிப் பெனால்டி கார்னரைத் தடுத்து, 41 வருடம் கழித்து நமக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பே, இதுதான் என் கடைசிப் போட்டி என்று அறிவித்தார். மறுபடி வெண்கலம் வாங்கினார். 36 வயது, கை கால் நன்றாக இருக்கும்போதே இறங்கினார். அவர் அணிந்த 16ஆம் எண்ணைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்றார்கள். அவரையோ ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக்கினார்கள்.

அந்த ஜூனியர் அணிதான் இந்த டிசம்பரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்தைச் சந்தித்தது. சமநிலை, பிறகு ஷூட் அவுட். கோலில் நின்றவன் பிரின்ஸ்தீப் சிங் என்ற பையன். நானும் பேரனும் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தடுத்தான், இந்தியா ஜெயித்தது. அணி கடைசியில் அர்ஜென்டினாவை வென்று வெண்கலமும் வாங்கியது. பேரன் கேட்டான்: "தாத்தா, ஸ்ரீஜேஷே நின்றிருந்தால் இன்னும் ஈசியா ஜெயிச்சிருக்கலாம் இல்ல?"

"ஜெயிச்சிருக்கலாம்டா. ஆனா இந்தப் பையனை யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றேன்.

சொல்லிவிட்டு எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். அந்த மனுவில் இருந்த பெண்ணின் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்கு என் பெயர் தெரியுமோ என்னவோ. தெரியாமலிருந்தால் நல்லது.

தலைமையாசிரியர் இதைப் படித்துவிட்டு நாளைக்கு டீக்கடைக்கு வருவார். வரட்டும். டீ என் கணக்கு.